ஹடப்சரில் ஓர் ஆசிரியர் எழுப்பிய வளாகம்

புனே நகரத்தின் கிழக்கு வாயில் என்று சொல்லத்தக்க ஹடப்சரைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் குறைவு. எழுதினாலும், இங்குள்ள கம்ப்யூட்டர் கம்பெனிகளையும், வீட்டு வாடகையையும், சோலாப்பூர் சாலையில் மாலை நேரத்து வாகன நெரிசலையும் பற்றி நாலு வரி சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வதே வழக்கமாயிருக்கிறது. ஆனால் ஆஷாட ஏகாதசிக்காகப் பண்டரிபுரத்தை நோக்கிப் புறப்படும் இரண்டு பெரிய பல்லக்குகள், ஞானேசுவர மகராஜுடையதும் துகாராம் மகராஜுடையதும், புனேயில் தங்கியிருந்துவிட்டு இந்த ஹடப்சர் வரை வந்து, இங்கேதான் ஒன்றையொன்று பிரிகின்றன. ஒன்று திவே காட் மலைப்பாதையில் ஏறிச் சாஸ்வட் போகிறது, மற்றொன்று லோணி காள்போரை நோக்கி நேரே செல்கிறது. அவ்வாறு இரு வழிகள் பிரியும் இந்த ஊரில் ஒரு தலைமுறைக்கு முன்வரை கரும்பும் காய்கறியும் விளைந்துகொண்டிருந்தன. இன்றைக்கோ, மகர் குலத்தாரும் அவர்களோடு சேர்ந்த சுமார் 120 விவசாயக் குடும்பங்களும், தங்கள் நிலத்தைத் துண்டுதுண்டாக விற்றுவிடாமல் ஒன்றாகக் கூட்டி, 400 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் எழுப்பிய மகர்பட்டா நகரமும், அதற்கப்பால் வானத்தை மறைத்துக்கொண்டு நிற்கும் அமனோராவின் அடுக்குமாடிகளும் கண்ணுக்குத் தெரிகின்றன.

இத்தனை உயரங்களுக்கு நடுவே, மூன்று தளங்களுக்குமேல் எழாமல், பத்து ஏக்கருக்குச் சற்றுக் கூடுதலான நிலத்தில் பரந்து படுத்திருக்கும் ஒரு வளாகம் இருக்கிறது. காற்றாலை இயந்திரங்கள் செய்யும் சுஸ்லான் கம்பெனி தனது தலைமையகமாகக் கட்டிக்கொண்டது அது. ‘ஒன் எர்த்’ என்று அதற்குப் பெயர். கட்டி முடிந்தது 2009-10 வாக்கில். அதை வடிவமைத்தவர் கிறிஸ்டோபர் பெனிங்கர். அமெரிக்காவில் பிறந்து, இருபத்தெட்டு வயதில் பாரதத்துக்குக் குடிபெயர்ந்து, வாழ்நாளின் பெரும்பகுதியைப் புனேயிலேயே கழித்து, 2024ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி, காந்தி ஜயந்தியன்று, எண்பத்தோராவது வயதில் காலமானார். பத்திரிகைகள் அவரைக் கட்டடக்கலைஞர் என்றே எழுதின, அது சரியே. ஆயினும், என் அபிப்பிராயத்தில், அவர் முதன்மையாக ஓர் உபாத்தியாயர். பள்ளிக்கூடம் அமைப்பதையே முதல் தொழிலாகக் கொண்டு, கட்டடம் அமைப்பதை அதன் பலனாக அடைந்தவர். இந்தப் பதிவில் நான் சொல்ல விரும்புவது இது ஒன்றுதான்.

இதை இப்போது எழுதத் தூண்டியவள் என் தங்கை மகள். புனேயில் ஒரு கட்டடக்கலைக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். விடுமுறை நாட்களில் எங்கள் வீட்டுக்கு வந்து, கூடத்து மேஜை முழுவதும் அட்டையையும் பசையையும் கட்டரையும் பரப்பிக்கொண்டு, இரவு இரண்டு மணிவரை மாடல் செய்துகொண்டிருப்பாள். ஜூரி என்றால் அவர்களுக்கு அத்தனை பயம். இரண்டு இரவு கண்விழித்து வரைந்த ஷீட்டைச் சுவரில் ஒட்டிவிட்டு அதன் அருகே நிற்க வேண்டும். வெளியிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் இரண்டே நிமிஷம் பார்த்துவிட்டு, ‘இதில் காற்று எங்கே வருகிறது?’ என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போய்விடுவார். ஒருநாள் அவள் சொன்னாள்: “மாமா, எங்க காலேஜுல பாடம் நடத்தறவங்களுக்குக் கட்டடம் கட்ட நேரம் இல்ல. கட்டடம் கட்டறவங்க ஜூரிக்கு வந்துட்டு உடனே கிளம்பிடறாங்க. ரெண்டும் செய்யறவங்க யாராவது உண்டா?”

“இருக்காங்கம்மா. உங்க ஊர்லயே இருந்தாரு ஒருத்தர். இந்தத் தெருவுக்குப் பின்னால போய்ப் பார்” என்றேன்.

அவள் கேட்ட கேள்வி சாமானியமானதல்ல. மருத்துவக் கல்லூரியில் பாடம் சொல்லும் பேராசிரியர் காலையில் வார்டில் நோயாளியைப் பார்க்கிறார். மாணவர்கள் அவர் பின்னாலேயே நடந்து கற்கிறார்கள். கட்டடக்கலைக்கு அப்படிப்பட்ட ஆஸ்பத்திரி கிடையாது. 1972ஆம் வருஷத்துக் கட்டடக்கலைஞர் சட்டம் வந்தபிறகு படிப்புக்கு ஒரு திட்டமும், பட்டத்துக்கு ஒரு மதிப்பும், அதைக் கண்காணிக்க ஒரு கவுன்சிலும் ஏற்பட்டன; ஐந்து வருஷப் படிப்பு ஒழுங்குக்கு வந்தது; அவையெல்லாம் நன்மைகளே. ஆனால் தொழில் நடக்கும் இடமும் கல்வி நடக்கும் இடமும் வெவ்வேறாகவே நின்றுவிட்டன. இரண்டையும் ஒரே தோளில் சுமந்தவர்கள் உலகத்தில் எங்குமே சொற்பம்தான். ஜெர்மனியில் பௌஹௌஸ் பள்ளியைத் தோற்றுவித்த வால்ட்டர் குரோப்பியஸ் பிறகு ஹார்வர்டுக்குப் போய் அங்கும் கட்டடக்கலைத் துறைக்குத் தலைமை வகித்தார். அவருக்குப்பின் 1953 முதல் 1969 வரை அந்தப் பள்ளியின் டீனாக இருந்த ஸ்பெயின் தேசத்து ஜோசப் லூயி செர்ட், பதவியில் இருந்தபடியே தம் சொந்த அலுவலகத்தையும் நடத்தி, அந்தப் பல்கலைக்கழகத்துக்கே கட்டடங்கள் அமைத்துக் கொடுத்தார். நம் நாட்டில் பி. வி. தோஷி.

தோஷியைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. அவர் பிறந்தது புனேயில், 1927இல், மரச்சாமான்கள் செய்யும் ஒரு குடும்பத்தில். பாரிஸில் லெ கொர்புசியேயிடம் வேலை பழகிவிட்டு, அவருடைய கட்டடங்களை மேற்பார்வையிடுவதற்காக அகமதாபாத் வந்தவர் அங்கேயே தங்கி, 1962இல் கட்டடக்கலைப் பள்ளியைத் தோற்றுவித்து, அதற்குரிய செங்கல் கட்டடத்தையும் தாமே அமைத்தார். கதவும் வாசலும் அதிகமில்லாத, கீழே காற்று புகுந்து வெளியேறும் அந்தக் கட்டடத்தை நேரில் பார்த்த யாரும் மறக்கமாட்டார்கள். கட்டடக்கலையின் மிகப்பெரிய பரிசான பிரிட்ஸ்கர் 2018இல் அவருக்கு வந்தது. அதுவரை எந்த இந்தியருக்கும் அது வந்ததில்லை. புனேயில் பிறந்தவர் அகமதாபாத்தில் பள்ளி கண்டார்; அகமதாபாத்தில் அவரிடம் வந்துசேர்ந்த அமெரிக்க இளைஞர் புனேயில் வேறொரு பள்ளி கண்டார்.

அந்த இளைஞரின் கதைக்கு வருகிறேன். பெனிங்கர் 1942 நவம்பரில் ஒஹையோ மாகாணத்தில் பிறந்தார். வளர்ந்தது ஃபுளோரிடாவில், தகப்பனார் பேராசிரியராக இருந்த பல்கலைக்கழக ஊரில். சிறுவயதில் ஒரு கிறிஸ்துமஸ் பண்டிகைக்குப் பரிசாகக் கிடைத்த ஃபிராங்க் லாயிட் ரைட்டின் புத்தகம் ஒன்று தம் வாழ்வின் திசையையே நிர்ணயித்துவிட்டதாக அவரே எழுதியிருக்கிறார். ஃபுளோரிடாவில் கட்டடக்கலை படித்து, ஹார்வர்டில் செர்ட்டிடம் மேற்படிப்புப் படித்து, அவருடைய அலுவலகத்திலும் வேலை செய்து, மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் நகரத் திட்டமிடலும் பயின்றார். செர்ட் எதைக் கற்பித்தார் என்பதைவிட எப்படி வாழ்ந்தார் என்பதையே அந்த மாணவர் கூர்ந்து கவனித்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. காலையில் டீனாகவும் மாலையில் கட்டடக்கலைஞராகவும் இருந்த ஒருவரின் நிழலில் வளர்ந்தவருக்கு, இவ்விரண்டும் ஒரே காரியத்தின் இரண்டு பக்கங்கள் என்பது யாரும் சொல்லாமலே விளங்கியிருக்கும்.

1968இல் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அகமதாபாத் வந்தார். தோஷியின் பழக்கம் ஏற்பட்டது. திரும்பிப்போய் ஹார்வர்டிலேயே ஆசிரியராக அமர்ந்தார். அந்த உத்தியோகத்தை விட்டுவிட எந்தத் தகப்பனாரும் தம் மகனுக்கு யோசனை சொல்லமாட்டார். ஆனால் 1971இல் அவர் அதை ராஜினாமா செய்துவிட்டு, ஃபோர்டு அறக்கட்டளையின் ஆலோசகராக மறுபடியும் அகமதாபாத் வந்து, தோஷியோடு சேர்ந்து நகரத் திட்டமிடல் பள்ளியை உருவாக்கினார். பொருளாதார அறிஞர் யோகிந்தர் அலகும் அந்த முயற்சியில் துணைநின்றார். அக்காலத்தில் நகரத் திட்டமிடல் என்றால் வரைபடத்தில் மஞ்சள் நிறம் குடியிருப்பு, சிவப்பு நிறம் கடைவீதி என்று வர்ணம் தீட்டுவதாகவே பலரும் எண்ணியிருந்தார்கள். அந்த வரைபடத்துக்குள் இருக்கும் மனிதனின் வருமானம் என்ன, அவன் குடத்தில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, வேலைக்கு அவன் எத்தனை தூரம் நடக்கிறான் என்று கேட்கப் பழக்கும் கல்வியே அந்தப் பள்ளியின் நோக்கமாயிருந்தது. கட்டடக்கலைஞர் ஒருவரும் பொருளாதார அறிஞர் ஒருவரும் ஒரே வகுப்பறையில் கூடியது அதற்காகத்தான்.

இங்கே சென்னை வாசகர்களுக்கு ஒரு விஷயத்தை நினைவுபடுத்த வேண்டும். அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய பகுதிகளில் எழுபதுகளின் இறுதியில் உலக வங்கியின் கடனுதவியோடு ‘மனையும் வசதிகளும்’ என்ற முறையில் குடியிருப்புகள் ஏற்பட்டன. ஏழைக்கு முழு வீட்டைக் கட்டிக்கொடுக்க அரசாங்கத்திடம் பணம் போதாது. அரைகுறையாகக் கட்டிய அடுக்குமாடியில் அவனைக் குடியேற்றினால், சாப்பாட்டுக்கு வழிதேடி அவன் அதைக் கைமாற்றிவிட்டுப் பழைய இடத்துக்கே போய்விடுகிறான். ஆகவே அவனுக்குச் சிறு மனை ஒன்றைச் சட்டபூர்வமான உரிமையோடு கொடு. சாலையும் குழாயும் சாக்கடையும் மின்சாரமும் கொண்டுவந்து சேர். கழிப்பறையும் அதற்கான தண்ணீர் இணைப்பும் அமைத்துத் தா. மீதியை அவன் தன் வசதிப்படி, மகன் சம்பாதிக்கத் தொடங்கியபின் ஓர் அறை, மகள் கல்யாணத்துக்கு முன் ஓர் அறை என்று கட்டிக்கொள்வான். இதுவே அதன் தத்துவம். சென்னையில் அந்த யோசனை உருவான ஆரம்ப கட்டத்தில் பெனிங்கருக்கும் பங்கு உண்டு. இன்று அரும்பாக்கத்தின் அந்தத் தெருக்களில் நடந்தால் மாடிமேல் மாடி எழும்பி, ஒரு வீடுபோல் மறுவீடு இல்லாமல், எந்தக் கட்டடக்கலைஞரின் கையெழுத்தும் தெரியாமல் எல்லாம் கலந்துபோயிருப்பதைக் காணலாம். அப்படித் தெரியாமற்போனதையே நான் அந்த யோசனையின் வெற்றியாகக் கருதுகிறேன்.

1976இல் அவர் புனேக்கு வந்தார். மனைவியார் அனிதா கோகலேயோடு சேர்ந்து வளர்ச்சி ஆய்வுக்கும் செயற்பாட்டுக்குமான மையம் ஒன்றை நிறுவினார், சி.டி.எஸ்.ஏ. என்ற சுருக்கப் பெயரால் புனேக்காரர்கள் அதை அறிவார்கள். கிராமத் திட்டமிடல், சிறு நகரங்களின் வளர்ச்சி, வறுமையின் அளவீடு ஆகியவற்றைக் கற்பிப்பதும், கற்றவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பிக் கணக்கெடுக்கச் செய்வதும், அந்தக் கணக்கைக்கொண்டு மாவட்ட அதிகாரிகளோடு உட்கார்ந்து திட்டம் தீட்டுவதும் அந்த ஸ்தாபனத்தின் அன்றாட வேலைகள். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இதிலேயே அவருடைய உழைப்பெல்லாம் சென்றது. ஐக்கிய நாடுகள் சபைக்கும் ஆசிய வளர்ச்சி வங்கிக்கும் அறிக்கைகள் எழுதினார். அந்த வங்கி நகரங்களுக்குக் கடன் கொடுப்பதைப் பற்றி யோசிக்கத் தொடங்கிய காலத்தில், அடிப்படை ஆவணம் ஒன்றை 1986இல் தயாரித்தவரும் அவரே. ஹார்வர்டில் அவரோடு படித்தவர்கள் இந்தக் காலத்தில் வானளாவிய கட்டடங்கள் எழுப்பிப் பத்திரிகை அட்டைகளில் இடம்பெற்றுக்கொண்டிருந்திருப்பார்கள். இவரோ மகாராஷ்டிரத்துச் சிற்றூர்களில் கிணறுகளின் ஆழத்தைக் கணக்கெடுக்க மாணவர்களைப் பழக்கிக்கொண்டிருந்தார். ஒரு கட்டடக்கலைஞரின் வாழ்வில் முப்பதிலிருந்து ஐம்பது வயதுவரை என்பது எவ்வளவு அருமையான காலம் என்று யோசித்துப் பார்த்தால், அதைக் கல்விக்குத் தத்தம் செய்ததன் கனம் புரியும்.

அந்த மையத்துக்காகப் பாவ்தனில் அவர் அமைத்த வளாகத்தைப் பார்க்காதவர்கள் பார்க்க வேண்டும். புனேயைச் சுற்றிலும் தோண்டினால் கிடைக்கும் கருங்கல்தான் சுவர், மேலே சாய்வான ஓட்டுக் கூரை, நடுவில் முற்றங்கள், முற்றத்தைச் சுற்றி உட்காருவதற்கென்று தாழ்வான கல் திண்ணைகள். கல்லைச் செதுக்கி வழவழப்பாக்கவில்லை. உடைத்த முகம் அப்படியே வெளியில் தெரிகிறது. வெயில் காலத்தில் பிற்பகல் மூன்று மணிக்கும் அந்தச் சுவரின் உட்புறத்தில் கைவைத்தால் குளிர்ச்சி உறைக்கிறது. வகுப்பு முடிந்த மாணவன் எங்கே போவான் என்று யோசித்து, அவன் போகுமிடத்தில் ஒரு திண்ணையும் நிழலும் வைத்திருக்கிறார். பாடம் பாதி வகுப்பறையிலும் பாதி திண்ணையிலும் நடக்கிறது என்பதை அறிந்த ஆசிரியரால்தான் இப்படி அமைக்க முடியும்.

தொண்ணூறுகளின் நடுவில்தான் அக்கிசெட்டி ராம்பிரசாத் நாயுடுவோடு சேர்ந்து முழுநேரக் கட்டடக்கலை அலுவலகத்தைத் தொடங்கினார். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. உடனேயே வந்தது முல்ஷி மலைச்சரிவில் மகிந்திரா ஐக்கிய உலகக் கல்லூரி. 1997இல் திறக்கப்பட்ட அந்தக் கல்லூரியில் பல தேசத்துப் பிள்ளைகள் இரண்டு வருஷம் தங்கிப் படிக்கிறார்கள். மாணவர் விடுதிகளை நீண்ட தாழ்வாரமும் வரிசை அறைகளுமாகக் கட்டாமல், முற்றத்தைச் சுற்றிச் சிறு வீடுகளாக அமைத்து, அவற்றுக்கு ‘வாடா’ என்றே பெயர் வழங்குகிறார்கள். பேஷ்வாக்கள் காலத்துப் புனேயில் பிரபுக்களும் சாதாரண ஜனங்களும் வாழ்ந்த முற்றத்து வீடுதான் வாடா. நம் தஞ்சை ஜில்லாவின் இரண்டுகட்டு வீட்டில் பிறந்தவருக்கு அதை விளக்கவே வேண்டியதில்லை. அந்தக் கல்லூரிக்கு 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து ஒரு பெரிய பரிசு கிடைத்தது. பெனிங்கரின் பெயர் உலகத்துக்குத் தெரிந்தது அப்போதுதான். அதன்பிறகு நாகபுரியில் பௌத்தர்களின் நாகலோக வளாகம், லோனாவ்லா அருகே கப்பல்துறை மாணவர்களுக்கான கல்லூரி, ஐதராபாத் ஐ.ஐ.டி. வளாகத்தின் திட்டம் என்று அவருக்கு வந்த பெரிய வேலைகளில் அநேகம் கல்விக்கூடங்களாகவே அமைந்ததை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை.

பூட்டானை ஒரு வரியில் தாண்டிவிட மனமில்லை. தலைநகர் திம்புவுக்கு 2002 முதல் 2027 வரையிலான காலத்துக்கு அவர் வகுத்துக்கொடுத்த திட்டத்தில், ஆற்றங்கரையையும் செங்குத்தான சரிவுகளையும் கட்டடம் ஏறாமல் காப்பாற்றி, மக்கள் நடந்தே சந்தைக்கும் பள்ளிக்கும் போகத்தக்க சிறு நகர்க்கிராமங்களாக ஊரைப் பகுத்தார். ‘அறிவார்ந்த நகரியலின் கோட்பாடுகள்’ என்று அவர் பத்து நெறிகளைத் தொகுத்திருந்தார். இயற்கையோடு சமநிலை, மரபோடு சமநிலை, இடத்துக்குப் பொருந்திய தொழில்நுட்பம், மனிதர் கூடிப் பழகும் வாய்ப்பு, மனித அளவு என்று அந்த வரிசை போகும். வகுப்பறையில் கரும்பலகையில் எழுதத்தக்க பத்து வாக்கியங்கள் ஒரு தேசத்தின் தலைநகரத்துக்கு அஸ்திவாரமாயின. அதே ஊரில் அவர் அமைத்த உச்ச நீதிமன்றத்தை 2014 ஜூன் மாதத்தில் நம் பிரதமர் திறந்துவைத்தார்.

இனி ஹடப்சருக்குத் திரும்பலாம். உத்தியோக நிமித்தமாக அந்த வளாகத்துக்குள் போகும் சந்தர்ப்பம் எனக்குக் கிடைத்தபோது, முதலில் கவனத்தில் பட்டது அங்கே நடப்பதற்கு இருந்த இடம். லிஃப்ட் வாசலில் கூட்டமாக நின்று, கதவு மூடித் திறந்தவுடன் தம் தம் கூண்டுக்குள் போய் அடைகிற அலுவலகங்களையே பார்த்துப் பழகிய எனக்கு, ஒரு கட்டடத்திலிருந்து மறு கட்டடத்துக்கு நிழலோரமாக நடந்து, வழியில் நீர்ப்பரப்பையும் செடிகளையும் கடந்து, எதிரே வருகிறவரோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிற அமைப்பு ஒரு கல்லூரியை நினைவூட்டியது. நடுவில் வாஸ்து சாஸ்திரத்தின் பிரம்மஸ்தானத்தை ஒத்த ஒரு திறந்தவெளி, அதில் தீபஸ்தம்பங்கள். ஜெஜூரியில் கண்டோபா கோயிலுக்குப் படியேறியவர்களுக்கு இந்தத் தீபஸ்தம்பம் நன்கு தெரியும்: அடி பருத்து நுனி மெலிந்து உயரும் கல் தூணில், வரிசை வரிசையாக வெளியே நீட்டிய சிறு கல் தண்டுகள், ஒவ்வொன்றிலும் ஓர் அகல், உற்சவ இரவில் தூண் முழுவதும் சுடர்விடும். ஞானேசுவரர் பல்லக்குப் போகிற பாதையிலேதான் ஜெஜூரியும் இருக்கிறது. காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கிற கம்பெனியின் முற்றத்துக்கு விளக்குத் தூணைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டுமென்று தோன்றியவர், இந்தப் பிரதேசத்தில் பல காலம் நடந்து திரிந்தவராகத்தான் இருக்கமுடியும்.

சுவர்களைப் பற்றியும் சற்று நின்று சொல்ல வேண்டும். வெளிப்புறத்தில் கண்ணாடி இருக்கிறது. ஆனால் அந்தக் கண்ணாடிக்கு முன்னால், கிடைமட்டமாக, கைமரங்களைப் போல நெருக்கமாக அடுக்கிய அலுமினியச் சாய்சட்டங்கள் நிற்கின்றன. வெயில் நேரே உள்ளே விழாது. வெளிச்சம் மட்டும் சட்டத்தின் முதுகில் பட்டுத் தெறித்து உள்ளே வந்து மேஜைமேல் பரவும். மழைக்காலத்துக் காற்றும் தடைப்படாது. உட்கார்ந்து வேலை செய்பவர்களில் பெரும்பாலோருக்குப் பகலில் விளக்குப் போடாமலே எழுத்து தெரிகிறது. தலையை நிமிர்த்தினால் வானமோ மரமோ கண்ணில் படுகிறது. வளாகத்துக்குள்ளேயே சிறு காற்றாலைகளும் சூரியத் தகடுகளும் சேர்ந்து சுமார் 150 கிலோவாட் வரை மின்சாரம் தருகின்றன. பசுமைக் கட்டடங்களுக்கு வழங்கப்படும் உயர்ந்த சான்றிதழ்கள், அமெரிக்க முறையின் பிளாட்டினமும் நம் நாட்டு முறையான கிருகாவின் ஐந்து நட்சத்திரமும், இரண்டுமே இதற்குக் கிடைத்தன. சான்றிதழ்களைக் காட்டிலும் அந்த மேஜைமேல் விழும் வெளிச்சமே என்னை அதிகம் கவர்ந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் சான்றிதழுக்காக இயந்திரங்களை வாங்கி மாட்டிவிடலாம், மூன்று தளத்துக்குமேல் எழுப்பாமல் இருப்பதற்கு நிலமும் வேண்டும், அதை விட்டுக்கொடுக்கச் சொல்லி முதலாளியிடம் வாதாடும் தைரியமும் வேண்டும்.

ஒரு குறையும் சொல்லத் தோன்றுகிறது. பாவ்தனில் திண்ணை யாவருக்கும் எட்டும் பொருளாக இருந்தது. இங்கே அந்த முற்றமும் நீரும் தீபஸ்தம்பமும் மதிற்சுவருக்குள்ளே இருக்கின்றன. ஹடப்சரின் காய்கறிக்காரியோ, பல்லக்கோடு நடந்து வந்து களைத்த வார்க்கரியோ அந்த நிழலில் ஒதுங்க முடியாது. பொது இடங்களின் அருமையை ஆயுள் முழுவதும் போதித்தவரின் கையாலேயே, பொது இடத்தின் சாயலைக் கொண்ட ஒரு தனியார் இடம் எழுந்தது. இதற்கு அவரைக் குற்றம் சொல்ல நான் துணியமாட்டேன். நம் நகரங்களில் பணம் இருக்கும் இடம் அதுவாகிவிட்டது, நகரசபை இத்தகைய ஒருவரை அழைத்து இதே ஹடப்சரில் ஒரு சந்தையையோ பஸ் நிலையத்தையோ அமைத்துத் தரும்படி கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. அந்த வருத்தம் எனக்கு இருக்கிறது.

கம்பெனியின் அதிர்ஷ்டமும் ஏறி இறங்கியது. கட்டடம் எழுந்த சில வருஷங்களிலேயே கடன் சுமையால் அது தத்தளித்தது. பின்னர் மெல்ல மீண்டது. 2024 செப்டம்பரில் அந்த வளாகத்தை 440 கோடி ரூபாய்க்கு விற்றுவிட்டு, அதிலேயே வாடகைக்கு இருப்பதாக ஏற்பாடு செய்துகொண்டதாக அறிவித்தார்கள். அடுத்த மாதத் தொடக்கத்தில் அதை அமைத்தவர் போய்ச் சேர்ந்தார்.

கடைசிவரை அவர் கற்பிப்பதை விடவில்லை. 2011இல் ‘இளம் கட்டடக்கலைஞனுக்குக் கடிதங்கள்’ என்ற பொருள்படும் பெயரில் அவர் வெளியிட்ட ஆங்கிலப் புத்தகம் கல்லூரி கல்லூரியாகப் பிள்ளைகளின் கையில் புழங்கியது. பரிசு பெறுவது எப்படி என்றோ, வாடிக்கையாளரைப் பிடிப்பது எப்படி என்றோ அதில் உபதேசம் கிடையாது. குருமார்களைப் பற்றியும், அலைந்து பார்ப்பதைப் பற்றியும், சொத்து சேர்ப்பதைவிட வேலையில் லயிப்பதைப் பற்றியும் பேசுகிறது. என் தங்கை மகளின் பிரதியில் ஓரங்களெல்லாம் பென்சில் கோடுகள். தோஷி பள்ளியையும் அலுவலகத்தையும் ஏககாலத்தில் நடத்தினார். பெனிங்கரோ முதலில் பள்ளி, பிறகு கட்டடம் என்று வாழ்வை வரிசைப்படுத்திக்கொண்டார். எது உயர்ந்தது என்று தீர்ப்புச் சொல்வது எனக்குத் தகாது. ஆனால் மூன்றாம் ஆண்டு மாணவி கேட்ட கேள்விக்கு இரண்டாவது விடையே எனக்கு அதிக நம்பிக்கை தருகிறது. தொழிலில் பேரெடுத்தவரை அழைத்துவந்து பள்ளியின் தலையில் அமர்த்தினால் பள்ளிக்குக் கௌரவம் உண்டாகலாம். இருபது வருஷம் மாணவர்களோடு உட்கார்ந்து, மனிதர் எங்கே கூடுகிறார்கள், எங்கே நிழல் தேடுகிறார்கள் என்று கவனித்தவர் பிறகு கோடு போட்டால் அந்தக் கோட்டில் முற்றமும் திண்ணையும் தாமாக வந்து விழுகின்றன.

“அப்ப நான் எதை முதல்ல போய்ப் பாக்கணும் மாமா?” என்று கேட்டாள். முதலில் பாவ்தன், பிறகு முல்ஷி, கடைசியாக ஹடப்சர் என்று வரிசை சொன்னேன். அவர் கட்டிய வரிசையும் அதுதான். இங்கே உள்ளே போவதற்குக் கல்லூரியிலிருந்து கடிதம் எழுதி முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். போகும்போது மேற்கு வெயில் சாயும் நேரமாகப் பார்த்துப் போகும்படியும், அளவு டேப் எடுத்துக்கொண்டுபோய் அந்தச் சாய்சட்டங்களின் இடைவெளியையும், தரையில் விழும் நிழலின் நீளத்தையும் தன் கையாலேயே அளந்து குறித்துக்கொண்டு வரும்படியும் சொல்லியிருக்கிறேன். கடிதம் எழுதியாகிவிட்டது, தோழிகளும் வருவதாக இருக்கிறார்கள். அவர்கள் அளந்து வந்த கணக்கு கைக்குக் கிடைத்ததும் அதை அடுத்த பதிவில் எழுதுகிறேன்.